காலைக் காட்டு

கேமராக்காரனுக்கு முகம்தான் பிடிக்கும்.
முப்பத்திரண்டு சுற்றில்
பதினேழாவதை அவள் தொடும்போது
கன்னத்து வியர்வைக்குப் போய்விடுவான்.
காலைக் காட்டுடா, காலைக் காட்டு என்று
தொலைக்காட்சியிடம் கத்துவேன்.
கீழ்வீட்டு ஒஸ்மேல்
பேஸ்பால் ஆட்டம் என்று நினைத்து
எத்தனை ரன் என்பான்
ஜன்னல் வழியாக.

குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கிறவன் நான்.
ஹவானாவில் ஓயாத பிழைப்பு.
கம்ப்ரஸரின் முனகலை வைத்தே
எது போயிற்று என்று சொல்லிவிடுவேன்.
அந்தக் காதோடுதான் பாலே பார்க்கப் போவது.
மேல்மாடம், கடைசி வரிசை,
தூணுக்குப் பின் இருக்கை.
விலை குறைவு,
மேடையின் இடது மூலை எனக்குக் கிடையாது.
தாவி அங்கே போகிறவர்களைத்
தூண் விழுங்கிவிடும்.
அவர்கள் இறங்கும் சத்தம் வரும்வரை
நான் மூச்சு விடுவதில்லை.
நல்ல ஆட்டக்காரி என்றால்
சத்தமே வராது.
அப்படியானால் எப்போதுதான் மூச்சு விடுவாய்
என்று கேட்பான் ஹெனாரோ.

ஹெனாரோ லிஸ்பெத் கட்சி.
அவன் வாடகைக் காரின் கண்ணாடியில்
கன்னிமரியாளுக்குப் பக்கத்தில் அவள் படம்.
ஒற்றைக் காலில் அவள் நின்றால்
பத்துவரை எண்ணலாம் என்பான்.
நிற்பதைப் பார்க்கவா டிக்கெட், என்பேன்.
நான் நெரெய்தா கட்சி.
குள்ளம். கை கொஞ்சம் அவசரம்.
ஒருமுறை ரொட்டி வரிசையில்
எனக்கு முன்னால் நின்றாள்,
பாதங்கள் இரண்டும் வெளியே திரும்பி
பத்து மணி பத்து நிமிஷம் காட்டிக்கொண்டு.
குதிகாலில் பிளாஸ்திரி.
என்ன பேசுவது?
ரொட்டி தீர்ந்துவிடும்போல என்றேன்.
ஆமாம் என்றாள்.

பென்டிரைவில் யாரோ கொடுத்த
கோபன்ஹேகன் நிகழ்ச்சி ஒன்று.
பெயர் தெரியாத பையன், வைக்கோல் நிறத் தலை,
எழும்பினான்,
கரண்ட் போயிற்று.
ஐந்து மணி நேரம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
சோறும் கறுப்பு பீன்ஸும் தின்றேன்,
பல் விளக்கினேன்,
அவன் இறங்கவில்லை.
விடிகாலையில் விளக்கு வந்ததும்
முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.
அதே தாவல். ஒழுங்காக இறங்கிவிட்டான்.
என்னவோ, ஏமாந்துபோனேன்.

போன சனிக்கிழமை
நெரெய்தா விழுந்தாள்.
என் மூலையில்.
நான் பார்க்கவில்லை, கேட்டேன்.
பசை ஊற்றிக் காயவைத்த பழைய ஷூ
பலகையில் வழுக்கும் சீறல்,
பிறகு தொப்பென்று ஒன்று.
யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
இவள் யானை இல்லை, நாற்பத்தாறு கிலோ,
ஆனாலும் மாடம் முழுக்க அதிர்ந்தது.
வயலின்கள் அவளில்லாமலே
கொஞ்ச தூரம் போயின,
ஓடி வருகிறவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்ட
பஸ் டிரைவர் வேகம் குறைப்பதுபோல.
தூணின் இந்தப் பக்கம்
முதலில் ஒரு கை வந்தது.
அவசரமே இல்லாத கை.
அப்புறம் அவள்.
எழுந்து நின்று பிராவோ என்று
முதலில் கத்தியது ஹெனாரோ.

இப்போது ஊர் முழுக்க அந்த வீடியோ.
பக்கவாட்டு இருக்கையிலிருந்து
யாரோ போனில் எடுத்தது.
பன்னிரண்டு விநாடி.
முகமே தெரியாதாம்,
காலை மட்டும்தான் காட்டுகிறதாம்.
ஒஸ்மேல்கூடப் பார்த்துவிட்டான்,
பேஸ்பால் தவிர எதையும் பார்க்காத ஒஸ்மேல்.
ஹெனாரோ வண்டியை ஓரம்கட்டிப்
போனை நீட்டினான்.
இருபது வருஷமாகக் கேட்டாயே, இந்தா.
உள்ளங்கையால் திரையை மூடினேன்.
ஒலி போதும், கூட்டி வை.

சீறல். தொப்.
ஒரு பெண்ணின் ஐயோ.
வயலின்.
பிறகு என் கைக்கு அடியில்
டக்,
டக்,
அதற்கு மேல் எதுவும் இல்லை.
வீடியோ முடிந்துவிட்டதா,
அவள் எழும்பிவிட்டாளா
தெரியவில்லை.
நான் கையை எடுக்கவில்லை.