ஆயுள் நீட்டிப்பு

பேப்பரில் மூன்று பத்தி.
நடுத்தர ரகப் போக்குவரத்து ஹெலிகாப்டர்கள்:
பழையவை கழியும், புதியவை வரும்,
இதற்கான குழு அடுத்த மாதம் கூடும்.
இதே செய்தியைச் சீருடையில் இருந்தபோது
இரண்டு தடவை வாசித்திருக்கிறேன்.
இப்போது குளச்சலில் ஒரு பட்டறை.
பேப்பரைப் பெஞ்சில் விரித்து
அதன்மேல் கிளீட்டஸின் கியர்பாக்ஸை வைக்கிறேன்.

தூத்தூர்க்காரன். சுறாவுக்குப் போகிறவன்.
ஒரு தங்கல் முப்பது நாள்.
"சத்தம் போடுது அண்ணே, பாத்துக்கிடும்."

வடிகால் திருகின் முனையில் ஒரு காந்தம் இருக்கும்.
எண்ணெயில் அலையும் இரும்பைப் பிடித்து வைக்கும்.
உள்ளே பல் தேய்ந்தால்
முதலில் அதற்குத்தான் தெரியும்.

எங்கள் இயந்திரத்திலும் ஒன்று உண்டு.
அதில் துகள் ஒட்டினால்
விமானியின் முன்னால் ஒரு விளக்கு எரியும்.
எரிந்தால் புத்தகத்தில் ஒரே வரி:
உடனே இறங்கு.

கடலில் எங்கே இறங்க.

அந்தக் கியர்பாக்ஸுக்கு
மூன்று முறை ஆயுள் நீட்டித்திருக்கிறேன்.
நூறு மணிநேரம். இன்னொரு நூறு.
பிறகு ஐம்பது, உதிரி வரும்வரை.
உதிரி செய்த தொழிற்சாலை இருந்த இடம்
அதற்குள் வேறு நாடாகியிருந்தது.
மேலிருந்து கடிதம் வரும்,
கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

புயலுக்கு மூன்றாம் நாள்.
கரையிலிருந்து நாற்பது மைல், தென்மேற்கே.
கதவோரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.
கீழே கவிழ்ந்த வள்ளம்,
அதன் முதுகில் மூன்று பேர்.
ஒருவன் சட்டையைக் கழற்றி வீசினான். சிவப்பு.
வின்ச்சின் கொக்கி என் கையில் இருந்தது.
அப்போதுதான் விளக்கு.

தரைக்கு வந்து திருகைக் கழற்றினேன்.
இமைமயிரைவிட மெல்லிய மசி.
பெருவிரலால் துடைத்தேன், போயிற்று.
இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.
நின்றிருந்தால் நாங்களும் அங்கே கிடந்திருக்கலாம்.
பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
'குறை ஏதுமில்லை, பறக்கத் தகுதி'
என்று எழுதி, எண்ணெய் மாற்றி,
மறுபடி போனபோது
நீவாடு வள்ளத்தைக் கொண்டுபோயிருந்தது.

கிளீட்டஸ் டீ கிளாசோடு பேப்பரை எட்டிப் பார்க்கிறான்.
"புதுசு வருதாமே. நீங்க அதுலதான இருந்திய?"
ம்.
"எங்களுக்க மேலயும் ஒண்ணு வந்து நிண்ணிச்சு.
எனக்க தம்பி பெல்ஜிஸ் சட்டைய ஊரி வீசினான்.
அவியளுக்குக் கண்ணுல படல போல, போயிட்டு.
ராத்திரியில அவன் கைய விட்டுட்டான்."

சொல்லிவிட்டு
கிளாசின் அடிச் சர்க்கரையை விரலால் வழித்துத் தின்றான்.

அந்த வாரம் கடலில் எத்தனையோ வள்ளம்.
எத்தனையோ சட்டை.
என்ன நிறம் என்ற கேள்வி
நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.

திருகு கழன்றுவிட்டது.
கறுத்த எண்ணெய் தகரத்தில் வடிகிறது.
காந்தத்தில் நாலைந்து வெள்ளி ஊசிகள்.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
மசி அல்ல, பல்.

"இந்தத் தங்கலுக்கு ஓடுமா?
போயிட்டு வந்து மாத்திக்கிடலாம்."

ஓடாது.

"புதுசு என்ன வெலைன்னு தெரியும்லா?"

தெரியும்.

"பின்ன?"

ஓடவும் கூடும். எனக்கே தெரியும்.
பத்து நாள், பன்னிரண்டு நாள்,
மீன் நன்றாகக் கிடைத்தால் முப்பதும்.
இப்படித்தான் நூறு, இன்னொரு நூறு.

திருகைத் திருப்பி மாட்டவில்லை.
எண்ணெயோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
அது இல்லாமல் படகு ஜெட்டியை விட்டு நகராது.

பையில் கறை பரவுகிறது.
அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்,
"அண்ணே, வெளையாடாதியும்" என்று
பாதிச் சிரிப்போடு கையை நீட்டியபடி.