எதுவும் இடாத குழாய்

எங்கள் வீட்டில் இரண்டு குக்கர்.
சிவப்புக் கம்பி சுற்றியதில் பீன்ஸ் வேகாது.
நிபால்தோ ஒருமுறை மாற்றி ஏற்றிவிட்டு
கடற்பாசி நாறிய பீன்ஸை
முகம் சுளிக்காமல் தின்று தீர்த்தான்.
அதற்குப் பிறகுதான் கம்பி.

தால்காவானோ துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்குகிறவன்.
அவன் கொண்டுவந்த கணவாயின் தோலிலிருந்து
வழித்தெடுத்தேன் இந்த நீலக் கிருமியை.
ஒருவகையில் அவன்தான் அப்பன்.

குழாய்கள் பல்கலைக்கழகக் குப்பையிலிருந்து.
காவலாளி ரெமிஹியோ மூட்டையாகக் கட்டித் தருவார்,
எல்லாம் ஒரே ஒருமுறை தொட்டு எறிந்தவை.
புதிதாக ஒரு பெட்டி வாங்கும் காசில்
எங்களுக்கு ஒரு மாதம் அடுப்பு எரியும்.

அடியைத் திருப்பிப் பார்ப்பேன்.
முக்கோணத்துக்குள் ஐந்து என்றால் குக்கருக்குப் போகலாம்.
ஆறு என்றால் கூடாது.
அது தெரியாத நாளில் பன்னிரண்டு தட்டுகள்
எண்ணெயில் விழுந்த அப்பளமாய் நெளிந்து எழுந்தன.
ஒன்றில் இப்போது சாவி கிடக்கிறது.

ஒன்றுக்கு ஒன்பது, குளோரின் தண்ணீர், அரை மணி.
பிறகு வடித்த நீர். பிறகு சாராயம்.
என் விரல்களை முகர்ந்துவிட்டு
பேருந்தில் ஒரு குழந்தை கேட்டது:
"நீங்க தினமும் நீந்துவீங்களா?"

ஜூலையில்
சிலிண்டரும் சம்பளமும் ஒன்றாகத் தீர்ந்த வாரம்
குளோரினை மட்டும் நம்பிக் கழுவினேன்.
நாற்பத்தொரு குழாய். நாற்பதில் கிருமி.
மிச்சம் ஒன்றில் வெறும் உப்புச்சாறு;
அதில் எதுவும் வளரக் கூடாது,
மற்றவற்றின் நேர்மைக்கு அது சாட்சி.

மூன்றாம் இரவு விளக்கை அணைத்தேன்.
கண் பழகக் கொஞ்சம் நேரமாயிற்று.
நாற்பதும் மங்கல், சில இல்லவே இல்லை.
சாட்சிதான்
எரிந்தது.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே,
அதனினும் சிறியது.
மூடியின் மரைக்குள் ஒரு துணுக்கு அகரைப் பற்றித் தப்பி
அழைக்காத விருந்தில்
முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தது.

நிபால்தோவை எழுப்பினேன்.
"அழகு. இதுதானே உனக்கு வேணும்?"
"இல்லை. இது எரிஞ்சா மத்த நாற்பதும் பொய்."
தலையாட்டினான், புரியாமல்.
ஆனாலும் போய்ப் படுக்கவில்லை.

நோட்டில் தேதி போட்டேன். தோல்வி என்று எழுதினேன்.
அதன் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியவில்லை,
தெரிந்ததாக வைத்துக்கொண்டேன்.

பிறகு குளோரின்.
நீலம் மேலிருந்து கீழாக அணைந்தது.

நாளைக்கு: சிலிண்டர்,
மரைக்குள் நுழைகிற மெலிந்த தூரிகை ஒன்று.