நூற்றெண்பத்தாறு

துணியே இல்லாமல் ஓடுகிறது மெசின்,
பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும்.
ஏழு வருசமாய் இதற்குப்
பயம் என்று பேர்.
ஓதிப் பார்த்தார்கள். தேத்தண்ணியை நிறுத்தினார்கள்.
“யோசினை கூடிப்போச்சு புள்ள” என்றா மாமி.
நாடி பிடிக்க ஆள் வருமுன்
அது அடங்கிவிடும்,
நான் பொய்க்காரி ஆவேன்.

ஏறாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு வியாழன்
அடங்கவில்லை.
நெருக்கித் தைத்த தையலாய்க்
கடதாசியில் விழுந்தது நெஞ்சு.
நூற்றெண்பத்தாறு, என்றா மிஸி.
அழுதேன்.
பயத்தில் அழுவதாக அவ நினைத்தா.

ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று
பொபின் டப்பாவுக்குள் கிடக்கிறது இப்போது.
“ஊதியும் அடங்காட்டி
பாத்துக்கிட்டு இருக்காம ஓடி வா.”

பெருநாளைக்கு நாலு நாள்.
சட்டை எடுக்க வந்த றிஸ்மியா
சுவரில் சாய்ந்து நான் சிரிஞ்சு ஊதுவதைப் பார்த்து
வாசலிலேயே நிற்கிறாள்.
பதினைந்து எண்ணி,
வெட்டுத்துண்டுகளின் மேல் சரிந்து
கையைக் காட்டுகிறேன்: காலைத் தூக்கு.
தூக்கினாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நெஞ்சுக்குள் ஒன்றுமேயில்லை ஒரு கணம்.
மறுகா
டக்.
டக்.

“இன்னும் கொஞ்சம் புடிச்சிரு புள்ள,
உண்ட சட்டைக்குக்
கொக்கி மட்டுந்தான் பாக்கி.”