உப்புப் போட்டுத் திங்கிறவன்

மூக்கையூர்க் கரையில் கருவாட்டு வியாபாரம்.
பேர் மிக்கேல் ரோச்.
நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்,
மதுரையில் வைத்தது, ஆறு வருசம்.

விடியும் முன்னே சீலாவைக் கீறி விரித்து
வயிற்றுக்குள் உப்பை அள்ளி அடைக்கிறேன்.
வாலிநோக்கத்து மூட்டை, பரல் பரலாய்.
உள்ளங்கை வெடிப்பில் புகுந்து எரியும்.
கை தின்கிறது.
வாய்க்குத்தான் இல்லை.

டாக்டரம்மா ஒரு சின்னக் கரண்டியைக் காட்டினார்:
"ஒரு நாளைக்கு, எல்லாத்துக்கும் சேத்து இவ்வளவுதான்.
இதுக்கும் கீழ வந்தா இன்னும் நல்லது."
சிரித்துவிட்டேன்.
அது என் ஒரு துண்டுக் கருவாட்டுக்குக் காணாது.

முதல் வருசம் தட்டைத் தள்ளிய வருசம்.
செலஸ்தீன் ஊறுகாய்ப் பரணியைப்
பரண்மேல் ஏற்றினாள்.
நான் ஸ்டூல் போட்டு ஏறினேன்.
டாக்டரம்மா சொன்ன உடற்பயிற்சியில்
அந்த வருசம் நான் செய்தது அது ஒன்றுதான்.

சாளையை வறுப்பதை நிறுத்தினாள்.
முண்டு மிளகாய், பூண்டு, கொத்துக் கறிவேப்பிலை,
மண்சட்டியில் புளி கொதிக்கும்.
உப்பு நின்ற இடத்தில் புளி வந்து நின்றது,
வராத ஆளுக்குப் பதிலாய் வந்த கூலிக்காரன் மாதிரி
கொஞ்சம் முரடாய்.
கேப்பைக் களி. முருங்கைக் கீரை. மறுநாளும் கீரை.
சாயங்காலம் பரோட்டாக் கல்லில்
கரண்டி தட்டும்போது சன்னலைச் சாத்துவாள்.
அந்தச் சத்தத்துக்குச் சன்னல் எம்மாத்திரம்.

எந்த நாளில் நாக்கு மாறியது, தெரியவில்லை.
ஒரு மத்தியானம் அவித்த நகரை மீனில்
லேசாய் ஒரு இனிப்பு.
சட்டியில் சீனி விழுந்ததா என்று கேட்டேன்.
அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில்
தொண்டி சேகுனா லெப்பை.
தின்றதையெல்லாம் நோட்டில் எழுதுவார்.
மகள் கல்யாணத்தில்
பிரியாணிச் சட்டிக்கு முதுகைக் காட்டி
இரண்டு வெள்ளரித் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.
நாலாம் வருசம், நோன்புக்கு முந்திய வாரம்,
தூக்கத்திலேயே.

மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்
ராமநாதபுரத்தில் இறங்கி
நாலு பரோட்டா தின்றேன், சால்னா வழிய வழிய.
மறு மாசம் டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன்:
"அவரு ஒண்ணு விடாமச் செஞ்சாரே?"
பேனாவை மூடி வைத்தார்.
"இப்படிச் சாப்பிடுறவங்க ஆயிரம் பேருன்னா,
கூடுதல் பேரு ரொம்ப நாள் இருக்காங்க.
அதுல நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தேன்.
பாம்பனில் மூணாம் நம்பர்க் கூண்டு ஏற்றினால்
போன வள்ளமெல்லாம் கவிழ்வதில்லை.
ஏற்றாத நாளிலும் கவிழ்ந்ததுண்டு.
ஆனாலும்
கூண்டைப் பார்த்தபின் நான் நங்கூரம் எடுத்ததில்லை.

போன செவ்வாய், ஏலக்கூடத்தில்,
எட்டு மாசப் பாக்கிக்காரன் இன்னாசி
என்னைப் பார்த்தும் பாராமல் நடந்தான்.
ரத்தம் ஏறக் கத்தினேன்:
"நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

கூடம் ஒரு நொடி அசையவில்லை.
பிறகு கூடைக்காரி ஒருத்தி,
"கேக்குற ஆளப் பாரு!"
தராசுக்காரன் சிரித்தான், ஐஸ் உடைக்கிறவன் சிரித்தான்,
இன்னாசி சிரித்து, மடியை அவிழ்த்துப்
பாதியை எண்ணிக் கொடுத்தான்.
எனக்கும் அடங்கவில்லை.
மூச்சு வாங்க, நெஞ்சில் கை வைத்து நின்றேன்,
வலி வரட்டும் என்று.
வரவில்லை.
காக்கை ஒன்று நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது.

இதைச் சொல்லத்தான் நேரத்தோடே வீட்டுக்கு வந்தேன்.
அடுப்படிக்குப் பின்னால்,
பரணி திறந்து,
செலஸ்தீன் கண்ணை மூடிக்கொண்டு
நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை நக்கிக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல் திரும்பி
கால் கழுவப் போனேன்.