நீல மை

நாரின் ஆற்றுத் தண்ணீர்
ஜூலையிலும் எலும்பைக் கடிக்கும்.
அதில்தான் வேர் கழுவுகிறேன்.
சம்பளப் பட்டியலில் என் வேலைக்கு வேறு பெயர்;
யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வடிகால் குழாயை அறுத்துச் செய்த நாற்பது தொட்டிகள்.
எல்லாவற்றிலும் குதிரைமசால்.
இருபதில், மேட்டுப் புல்வெளியிலிருந்து
கோணியில் சுமந்து வந்த மண், ஒவ்வொரு பிடி.
மற்ற இருபதிலும் அதே மண்தான்,
ஆவியில் வேகவைத்து உயிர் போனபின்.

துர்சுன்பெக் படித்தவன், அவசரக்காரன்.
பூஞ்சை சேர்ந்தால் வேர் நீளும் என்று
விதைத்த அன்றைக்கே
அறிக்கையில் பாதியை எழுதிவிட்டான்.

ஆறாம் வாரம் சில குழாய்களைப் பிளந்தோம்.
சல்லடையில் மண் கரைந்து இறங்க இறங்க
வெந்த மண்ணின் வேர்கள்
வெளிறி, மெலிந்து, என் முழங்கையைத் தாண்டிப் போயின,
கடன் கேட்டு வாசல் வாசலாக அலைகிறவன் மாதிரி.
உயிர் மண்ணின் வேர்கள் ஒரு சாண்.
அதற்குமேல் இல்லை.

கட்டம் போட்ட தட்டில் பரப்பி
வேர் கோட்டைக் கடக்கும் இடமெல்லாம் எண்ணினேன்.
அதில் முந்நூற்றுப் பதினாறு.
இதில் நூற்றெண்பத்தொன்பது.
"திரும்ப எண்ணு, பெர்மெத்."
எண்ணினேன்.
எண் மாறவில்லை, அவன் முகம் மாறியது.

அன்று மாலை அய்பெரியின் பள்ளிப்பையிலிருந்து
மைக்குப்பியைக் கேட்காமல் எடுத்தேன்.
காரநீரில் வேரை வேகவைத்து
வினிகரில் மை கலந்து ஊறப்போட்டு
ஊறுகாய்க்காரி மாதிரி நாற்றத்தோடு தூங்கப்போனேன்.

காலையில் நுண்ணோக்கிக்குக் கீழே
வேரின் அறை அறையாக
ஒரு நீல மரம்.
இலை கிடையாது. கிளைமேல் கிளை.
வீட்டுக்குள் வந்துவிட்ட மரம்,
ஆனாலும் உள்சவ்வைக் கிழிக்காமல் நிற்கிறது.
சர்க்கரை இந்தப் பக்கம், மணிச்சத்து அந்தப் பக்கம்,
கொண்டு கொடுத்த வீடுகள்;
நடுவே மரியாதைக்கு ஒரு மெல்லிய திரை.

வேரின் விளிம்பிலிருந்து ஓர் இழை வெளியே கிளம்பி,
கொஞ்ச தூரத்தில் அறுந்து நின்றது.

அறுத்தது நான்.

முடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்.
வேர் நடக்கவேண்டிய தூரத்தை
அது நடந்திருக்கிறது.
சல்லடைக் கண்ணில் தங்காததால்
மூன்று நாளாக நான்
சாக்கடையில் கழுவி ஊற்றியது
வேரின் மிச்சம்.

ஆகஸ்டில் தண்ணீரை நிறுத்தினோம்.
வெந்த மண்ணில் இலைகள்
பத்து மணிக்கே கைகூப்பிக்கொண்டன.
மற்றவை மாலைவரை விரிந்திருந்தன.
மீதிக் குழாய்களைப் பிளந்தபோது
அந்தக் குட்டை வேர்
பக்கவாட்டில் பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து
சீவாத தலையாக அடர்ந்திருந்தது.
இந்த முறை எண்ணிக்கை
துர்சுன்பெக்குக்குப் பிடித்த பக்கம் ஏறியது.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
இப்போதும் பாதிதானே சல்லடையில் நிற்கிறது?

அசான்குல் வயலிலிருந்தும் ஒரு செடி பிடுங்கி வந்தேன்.
மூட்டை மூட்டையாக மணிச்சத்து உரம் போடுகிறவன்.
இடுப்புயரம், கரும்பச்சை.
சாயம் ஏற்றினேன். வெள்ளை.
அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு நீலப் பொட்டு.
வயிறு நிறைந்த வீட்டில்
அகாலத்தில் கதவு தட்டினால் யார் திறப்பார்?
அவனிடம் சொன்னேன்.
"என் புல்லுக்கு என்ன குறை?" என்றான்.
குறை ஒன்றும் இல்லை.
உரத்தின் விலை ஏறும் வருஷம் பார்ப்போம்.

அறிக்கையில் 'நீளம்' என்ற கட்டத்துக்கு அருகே
துர்சுன்பெக் இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறான்.
என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல்
பேனாவைக் கடிக்கிறான்.
அய்பெரி வீட்டுப்பாடத்தைப் பென்சிலில் எழுதுகிறாள்.
என்னோடு பேசுவதில்லை.
என் நகக்கண்ணில் நீலம் போகவேயில்லை.

வெட்டிய தழையை எல்லாம் வாரி
வேலியோரம் நின்ற பெட்டைக் குதிரைக்குப் போட்டேன்,
உயிர் மண்ணில் விளைந்தது, வெந்த மண்ணில் விளைந்தது,
இரண்டும் கலந்து.
அது பிரித்துப் பார்க்கவில்லை.