கருவேல முள்ளில் சைகோன்

சைகோன் போனதில்லை நான்.
பாண்டிச்சேரிக்கு வடக்கே ஒரே ஒரு முறை,
அதுவும் செங்கல்பட்டுக்கு, மூலம் காட்ட.
ஆனாலும் கத்தினா தெருவில் மழை பிடித்தால்
எந்தக் கடையின் முன்பந்தலில் ஒதுங்கலாம்
என்று கேளுங்கள், சொல்வேன்.

காரைக்காலில் முப்பத்தோராண்டு
பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குத்
தாள் நிரப்பியவன்.
‘இவர் உயிரோடிருக்கிறார்’ என்று
ஜனவரிதோறும் நான் எழுதினால்தான்
பாரீசில் அவர்களுக்கு உயிர்.
செசீல் ஞானாம்பாளுக்குப் பதினெட்டு முறை எழுதினேன்.
பத்தொன்பதாவதற்கு அவர் வரவில்லை.
ரிக்‌ஷாவில் ஒரு டிரங்குப்பெட்டி வந்தது.
எழுத்துக்கூலி பாக்கியாம்.

சாவி கொடுக்கும் கிராமபோன்.
பதினோரு தட்டு. அறுபத்து நாலு படம்.
பின்பக்கம் ஊதா மையில்
‘மழைக்கு முன், 1938.’
‘மழைக்குப் பின், 1938.’
இரண்டிலும் அதே தெரு, அதே புளியமரங்கள்.
ஒரு வாரம் உற்றுப் பார்த்துத்தான் கண்டேன்:
தூங்கும் வண்டிக்காரன்
மறுபக்கம் புரண்டு படுத்திருக்கிறான்.

இன்னொன்றில் ஒரு ஓட்டல் மாடி,
வெள்ளை சூட்டில் ஐந்து வாத்தியக்காரர்கள்.
டிரம் அடிப்பவன் முகம் மட்டும்
சத்தியமாக நிரவி முகம்.
அதன் பின்னால் எதுவும் எழுதவில்லை ஞானாம்பாள்.
தேதிகூட இல்லை.

அந்த இசைக்கு ஜாஸ் என்று பெயர்
எனக்குத் தெரிந்ததே பிறகுதான்.
நம் நாயனம் ஏழு தெருவைக் கூட்டி வைத்து ஊதும்.
இந்த டிரம்பெட்
வாயில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாத எதையோ சொல்கிறது.
மூன்றாவது தட்டில் ஒரு கீறல்.
சுரம் ஏறப்போகும் நேரம் பார்த்து
ஒரே படியில் மூன்று முறை கால் வைத்து
நாலாவதில்தான் மேலே போகும்.
அதனால் என் சைகோனில்
அந்த ஓட்டல் படியேறும் யாரும்,
கவர்னரே ஆனாலும்,
மூன்று முறை தடுக்கிக்கொள்வார்கள்.

ஐப்பசி ஈரத்தில் ஆற்றுப் படத்துக்குப் பூஞ்சை பிடித்தது.
நடு ஆற்றில் இரண்டு தீவுகள்.
துடைக்க மனம் வரவில்லை.
அரசலாற்றில்கூட அப்படித்தானே,
தண்ணீர் வடிந்தால் திட்டு எழும்,
அடுத்த வெள்ளத்தில் போகும்.

ஊசி தீர்ந்தது ஒரு சித்திரையில்.
கும்பகோணம் வரை கேட்டுப் பார்த்தேன்,
தையல் ஊசியா என்றார்கள்.
பிறகு ஆற்றங்கரைக் கருவேல முள் பறித்து
நிழலில் காயவைத்து
நுனியைச் சாய்வாகச் சீவி மாட்டினேன்.
ஒரு முள்ளுக்கு இரண்டு பாட்டு.
இரும்பைவிடக் கொஞ்சம் மெல்லப் பேசுகிறது ஊர்.
எனக்கென்னவோ அதுதான் சரியென்று பட்டது.

போன மாசி மாதம்
மர்செய்யிலிருந்து கிறித்தோப் வந்தான்,
ஞானாம்பாளின் தங்கை மகன்.
படங்களைப் புரட்டிவிட்டு
“இப்போது எப்படி இருக்கிறது பாருங்கள்” என்று
போனை நீட்டினான்.
கண்ணாடிக் கட்டடங்கள், மோட்டார் சைக்கிள்கள்.
நான் முன்பந்தலைத் தேடினேன்.
விரலால் பெரிதாக்கிக்கூடக் கொடுத்தான், பாவம்.
மூன்றாவது தட்டின் பாட்டையும்
எங்கிருந்தோ எடுத்துப் போட்டான்.
கழுவித் துடைத்த குரல்.
கீறல் வரவேண்டிய இடத்தில்
பாட்டு பாட்டுக்கு ஏறிப் போய்விட்டது.
என் தலைதான்
ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை
தானாக அசைந்தது.
“கழுத்து வலியா, மாமா?” என்றான்.

அவனை ரயிலேற்றிவிட்டு வரும் வழியில்
அரசலாற்றுப் பாலத்துக்குக் கீழே இறங்கினேன்.
வேட்டியை மடித்துக் கட்டி
நீளமாகப் பார்த்துப் பார்த்து ஒடிக்கையில்
ஆடு ஓட்டி வந்த பெண் நின்றாள்.
விரலில் ரத்தம் கண்டு
“முள்ளு ஏறிடுச்சா?” என்றாள்.

“கொஞ்சம்” என்றேன்.