மூன்று கட்டங்கள்

எண்ணூர் முகத்துவாரப் பாலத்தின் ஐந்தாவது கண்ணில்
கான்கிரீட் போட்ட இரண்டாம் நாள்
மயிரிழை போல ஒரு விரிசல்.
சாக்கு ஈரமாகத்தான் இருந்தது.
தேசிங்கு ராத்திரி முழுக்க
ஓஸ் பைப்பைப் பிடித்தபடி நின்றிருந்தான்.
முதல் திட்டு அவனுக்குத்தான்.

அவன்மேல் தப்பில்லை.
அது கெட்டிக் கலவை.
சிலிக்கா தூள், அனல்மின் நிலையத்துச் சாம்பல்,
நூறு கிலோவுக்கு இருபத்தெட்டு லிட்டர் தண்ணீர்.
மேலே ஊற்றுவது மேலேயே வழிந்து
உப்பங்கழிக்குப் போய்விடும்.
உள்ளே தாகமெடுத்த சிமெண்ட்
தன் துளைகளில் இருப்பதையே உறிஞ்சி
சுருங்கி, இறுகி,
தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும்.

"தண்ணியக் கூட்டிப் போடுங்க மேடம்."
கூட்டலாம்.
பத்து வருஷத்தில் கடற்காற்று கம்பியைத் தொட்டுவிடும்.

ஆறாவது கண்ணுக்கு
மணலில் ஒரு பங்கைக் குறைத்து
சுட்ட களிமண் குருணை வரவழைத்தேன்.
ஒவ்வொன்றும் பஞ்சு மாதிரி, உடம்பெல்லாம் துளை.
மூன்று நாள் டிரம்மில் ஊறியது.
லாரித் தண்ணீர் இறக்க வந்த டில்லிபாபு
எட்டிப் பார்த்தார்:
"இன்னாம்மா, கல்லு தண்ணி குடிக்குதா?
எங்க தெரு பைப்புல காத்துதான் வருது."

நாலாம் நாள் டிரம்மை வடிக்கும்போது
கத்திவாக்கத்திலிருந்து நாலு பேர், ஏழு குடம்.
கலங்கல் தண்ணீர், செங்கல் நிறம்.
குடிக்காதீங்க என்றேன்.
"தெரியும்" என்றாள் ஒருத்தி,
என்னைப் பார்க்காமல், குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி.

அன்று ராத்திரி கலவை விழுந்தது.
சிமெண்ட் சூடேறி இழுக்க இழுக்க
குருணை தன் ஈரத்தை விட்டுக்கொடுத்திருக்கும்,
பக்கத்தில் காய்வதற்குக் காய்ந்த அளவு.
டோக்கன் இல்லை. வரிசை இல்லை.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை,
அந்த ஏழு குடத்துக்கு அப்புறம்
சொல்ல வாய் வரவில்லை.

ஏழாம் நாள் விடிவதற்கு முன்
டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக
நானும் தேசிங்கும்
முனையிலிருந்து முனைக்குக் குனிந்தே நடந்தோம்.
ஒரு நண்டு மட்டும் குறுக்கே போனது.

படிவத்தில் கேட்டிருந்தது:
விரிசலின் நீளம், அகலம், ஆழம்.
இல்லை என்று எழுத இடம் கிடையாது.
மூன்று கட்டத்திலும்
பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.
ஆறாவது கண்ணில் விழுந்த கோடு
அவ்வளவுதான்.